சொந்த சர்வரில் ஒரு விக்கி

எவர் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், முன்னே வந்தவர் எழுதியதைத் திருத்தலாம், முழுவதையும் அடித்துவிட்டு வேறொன்றை எழுதவும் செய்யலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு நூல், ஒரு வாரமாவது உருப்படியாக இருக்குமா என்ற ஐயம், விக்கி என்னும் ஏற்பாட்டைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படும் எவருக்கும் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்குரிய சமாதானம் மனிதர்களின் நற்குணத்தில் ஓரளவு இருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அதன் பெரும்பகுதி, அந்த நூலைத் தாங்கி நிற்கும் மென்பொருளின் அமைப்பிலேதான் இருக்கிறது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்திய கணத்தில், திருத்துவதற்கு முன்பிருந்த பிரதி அப்படியே ஓரிடத்தில் வைக்கப்பட்டுவிடுகிறது. பொறுப்பற்றவர் ஒருவர் பக்கம் முழுவதையும் துடைத்தெறிந்தாலும், பொறுப்புள்ளவர் ஒருவர் மறுகணமே முந்தைய பிரதியை மீட்டுக் கொண்டுவந்துவிட முடிகிறது. கெடுப்பதற்கு ஆகும் சிரமத்தைவிடச் சீர்செய்வதற்கு ஆகும் சிரமம் குறைவாக இருக்கும்படி செய்துவிட்டதனாலேயே, வாசலை எல்லோருக்கும் திறந்து வைப்பது சாத்தியமாயிற்று. ஆகவே சொந்தமாக ஒரு சர்வரை வைத்துக்கொண்டு அதில் ஒரு விக்கியை நிறுவப் புகுகிறவர், சில கட்டளைகளை வரிசையாகத் தட்டச்சு செய்து முடித்ததும் தம் காரியம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. எழுதியது எதுவும் காணாமற் போகாது என்று, எழுத வருவோர் அனைவருக்கும் அவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், நிறுவும் வேலையின் ஒவ்வொரு படியும் ஏன் அவ்வாறு அமைந்திருக்கிறது என்பது விளங்கும்.

வலை என்பது தொடக்கத்தில் படிப்பதற்கும் எழுதுவதற்குமாகச் சேர்த்தே உத்தேசிக்கப்பட்டது. ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டில் இயற்றிய முதல் உலாவி, பக்கங்களைக் காட்டுவதோடு அவற்றைத் திருத்தவும் வல்லதாக இருந்தது. பின்னர் வந்து உலகெங்கும் பரவிய உலாவிகளோ படிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு எழுதும் வேலையைக் கைவிட்டுவிட்டன. இழந்த அந்தப் பாதியை மீட்டுக் கொடுத்தவர் என்று, அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரின் வார்டு கன்னிங்ஹாமைச் சொல்லவேண்டும். நிரல் எழுதுவோர் தம் தொழில் அனுபவத்தில் கண்ட நல்ல உத்திகளை ஓரிடத்தில் திரட்டி வைப்பதற்காக, பெர்ல் மொழியில் அவர் எழுதிய சிறிய நிரல் 1995 மார்ச் 25 அன்று பொதுவில் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தோடும் அதைத் திருத்துவதற்கான வழி ஒன்று இணைந்திருந்தது. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் முன்கூட்டியே இணைப்புக் கொடுக்கலாம், அந்த இணைப்பைச் சொடுக்குகிறவர் தாமே அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கலாம். எழுதப்பட வேண்டியது எது என்பதை நூலே தன் வாசகனுக்குச் சுட்டிக்காட்டும் இந்த ஏற்பாட்டை, இன்று நினைத்துப் பார்த்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் விக்கிப்பீடியாவைத் தொடங்கியபோது, கிளிஃபர்டு ஆடம்ஸ் பெர்லில் எழுதியிருந்த யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். தரவுத்தளம் எதுவும் வேண்டாமல் பக்கங்களைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்துக்கொள்ளும் எளிய மென்பொருள் அது. சிறு குழுக்களுக்கு மிகவும் சௌகரியமானது. ஆனால் பழைய பிரதிகளை நிரந்தரமாக வைத்திருப்பது அதன் இயல்பன்று; சில நாட்கள் கழிந்ததும் அவற்றைக் களைந்துவிடும். அதன் விளைவாக, உலகத்தின் மிகப் பெரிய கலைக்களஞ்சியமாக வளரவிருந்த ஒரு நூலின் ஆரம்ப மாதங்களில் யார் எந்த வரியை எழுதினார் என்பதற்கான ஆதாரங்களில் பல மறைந்துபோயின. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவை போனவை போனவையாகவே கருதப்பட்டிருக்க, 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய கோப்புகளைத் துருவிக்கொண்டிருந்தபோது, 2001 ஆகஸ்டு மாதம் வரையிலான திருத்தங்களைக் கொண்ட ஒரு பேக்கப்பைக் கண்டெடுத்தார். எப்போதோ எவரோ எடுத்து வைத்த ஒரு நகல் இல்லாதிருந்தால், அந்தச் சரித்திரம் மீண்டிருக்காது. சர்வர் நிர்வாகத்தில் ஈடுபடும் ஒவ்வொருவரும் நினைவில் நிறுத்தத்தக்க சம்பவம் இது என்பது என் அபிப்பிராயம்.

வாசகர் கூட்டம் பெருகியபோது யூஸ்மாட்விக்கி தாங்கவில்லை. கொலோன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றுகொண்டிருந்த மக்னுஸ் மன்ஸ்கே, பிஎச்பி மொழியில் எழுதி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பின்னால் நிறுத்திய புதிய மென்பொருள் 2002 ஜனவரியில் பயனுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருத்தியெழுதிய வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவே 2003-இல் மீடியாவிக்கி என்ற பெயரைப் பெற்று, இன்றளவும் விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்கிறது. எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் அது வெளியிடப்பட்டிருப்பதனால், விக்கிப்பீடியாவின் இயந்திரத்தை அப்படியே நம் ஊர் நூலகத்துக்கோ, கல்லூரியின் ஒரு துறைக்கோ, பத்துப் பேர் கொண்ட தொழிற்கூடத்துக்கோ கொண்டுவந்து பொருத்திக்கொள்ள நமக்குப் பூரண சுதந்திரம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் எடுத்துக்கொள்வதும் மீடியாவிக்கியையே.

முதலில் சர்வர். இரவும் பகலும் அணையாமல், வலையோடு இணைந்து, கேட்பவர்க்கு விடை கொடுத்துக்கொண்டிருக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். சிறு குழு ஒன்றின் விக்கிக்கு, ஏதேனும் ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு ஜிபி நினைவகம் கொண்ட மெய்நிகர் சர்வர் தாராளமாகப் போதும். அதில் இயங்குதளமாக லினக்ஸை வைப்பதே வழக்கம். அதிலும் 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற வெளியீட்டை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். புதுமைக்கு விரைந்து இடம் கொடுக்காமல், சோதித்து உறுதிசெய்த பொருளையே சேர்த்துக்கொள்ளும் நிதானம் அதன் நிர்வாகத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டிய எழுத்துக்கு அந்த நிதானமே தக்கது.

அந்தக் கணினி எங்கோ தொலைவில் இருக்கும். நாம் அதனோடு பேசுவது எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட வழியாக. 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதைக் கண்டு, அங்கிருந்த தாத்து யூலோனென் இயற்றியது அது. அதிலும் கடவுச்சொல்லைத் தவிர்த்துவிட்டு, இரகசியச் சாவியும் பொதுச் சாவியும் இணைந்த சாவிக் கோப்பை உபயோகிப்பது நலம். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள், புதிதாக வலையில் தோன்றும் ஒவ்வொரு சர்வரின் கதவையும் அன்றே தட்டத் தொடங்கிவிடும்.

சர்வருக்குள் புகுந்த பிறகு, மீடியாவிக்கி வாழ்வதற்கு வேண்டிய மூன்று துணைகளை நிறுவவேண்டும். உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை வாங்கி விடையைத் திருப்பி அனுப்பும் அப்பாச்சி ஒன்று. வேண்டுகோளுக்கேற்பப் பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கும் பிஎச்பி மற்றொன்று. எழுத்துகள் யாவற்றையும் சேமித்து வைக்கும் மரியாடிபி மூன்றாவது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதன் உரிமை ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போகவிருந்த 2009-ஆம் ஆண்டில், அதே மூலத்திலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கத் தொடங்கியது மரியாடிபி. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இல் பிஎச்பி 8.2-உம் மரியாடிபி 10.11-உம் ஆயத்தமாக இருக்கின்றன. 2024 டிசம்பரில் வெளிவந்து மூன்றாண்டுப் பராமரிப்பு அறிவிக்கப்பட்ட மீடியாவிக்கி 1.43-க்கு இவை பொருத்தமானவை. நெடுங்காலப் பராமரிப்புக்குரியது என்று குறிக்கப்பட்ட இத்தகைய வெளியீட்டையே நாடவேண்டும். ஆண்டுக்கு இரண்டாக வரும் மற்ற வெளியீடுகளைத் துரத்திக்கொண்டு ஓடுவதால் சிறு குழுவுக்குப் பிரயோஜனம் ஏதுமில்லை.

இனித் தரவுத்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். விக்கியின் உயிர் தங்கியிருக்கும் இடம் அது. பழைய வியாபார ஸ்தலங்களில் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளை, தவறாக எழுதிய வரியைச் சுரண்டி அழிக்கமாட்டார்; அதன்மேல் ஒரு கோடிட்டு, கீழே சரியான வரியை எழுதுவார்; பிழையும் திருத்தமும் இரண்டுமே கணக்கில் நிற்கும். மீடியாவிக்கி பின்பற்றும் முறையும் அதுவே. அதன் தரவுத்தளத்தில், பக்கங்களுக்கென்று ஓர் அட்டவணை. திருத்தங்களுக்கென்று ஓர் அட்டவணை. எழுத்துக்கென்று ஓர் அட்டவணை. இவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் சில துணை அட்டவணைகள். ஒரு பக்கத்தை நீங்கள் திருத்திச் சேமிக்கும்போது, பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்து ஏறுவதில்லை. எழுத்து அட்டவணையில் புதிய பிரதி முழுவதுமாக ஒரு புதிய வரியாகச் சேர்கிறது. யார், எப்போது, என்ன காரணம் சொல்லித் திருத்தினார் என்ற விவரம் திருத்த அட்டவணையில் மற்றொரு வரியாகச் சேர்கிறது. பக்க அட்டவணையில், இந்தப் பக்கத்தின் இன்றைய பிரதி எது என்று சுட்டும் ஓர் எண் மட்டும் மாறுகிறது. முந்தைய பிரதியை மீட்பதும் இதே வழியில்தான் நடக்கிறது: பழைய எழுத்தையே உள்ளடக்கமாகக் கொண்ட புதிய திருத்தம் ஒன்று வரிசையில் சேர்கிறது, கெடுத்த திருத்தமும் சரித்திரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பக்கம் முழுவதையும் மறுபடி சேமிப்பது வீண் செலவல்லவா என்று வாசகர் வினவலாம். கணக்குப் பார்ப்போம். பத்தாயிரம் குறிகள் கொண்ட ஒரு தமிழ்ப் பக்கம், குறிக்கு மூன்று பைட்டாக 30,000 பைட்டு பிடிக்கும். அதை நூறு முறை திருத்தினால் 30 இலட்சம் பைட்டு, அதாவது ஏறத்தாழ 3 எம்பி. ஒரு நல்ல புகைப்படத்துக்கு ஆகும் இடம்கூட இல்லை. அந்த அற்பச் செலவுக்குக் கைம்மாறாக, எந்தப் பழைய பிரதியையும் இடைப்பட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழிக்காமல் நேராக எடுத்துவிட முடிகிறது. நடுவில் ஒரு பிரதி பழுதுபட்டாலும் மற்றவை பழுதுபடுவதில்லை. இடம் மிகவும் நெருக்கடியாக இருந்தால் எழுத்தைச் சுருக்கி வைக்கும் வசதியும் மென்பொருளிலேயே இருக்கிறது.

இன்னொரு நுட்பம். மேலே சொன்ன சேர்க்கைகளும் மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்போது, இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? எழுத்து சேர்ந்து, சுட்டும் எண் மாறாமல் நின்றுவிட்டால், தரவுத்தளம் அரைகுறையாகிவிடாதா? மரியாடிபியின் உள்ளே இருக்கும் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை, இவை அனைத்தையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி, ஒன்று முழுவதும் நிறைவேறும் அல்லது ஒன்றுமே நடவாததாகக் கொள்ளப்படும் என்று உறுதி செய்கிறது. அவ்வாறே, இருவர் ஒரே சமயத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து திருத்தினால், முதலில் சேமித்தவரது திருத்தம் நிற்கும். இரண்டாமவர் தொட்டது வேறு பகுதியானால் மென்பொருள் இரண்டையும் இசைத்துக் கோத்துவிடும். இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால், இரு வடிவங்களையும் இரண்டாமவர் முன் வைத்து அவரையே முடிவு செய்யச் சொல்லும். இதற்காக மீடியாவிக்கி நாடுவது, மூன்று பிரதிகளை ஒப்பிடும் டிஃப்3 என்ற பழைய யூனிக்ஸ் கருவி. நிறுவும்போது அது சர்வரில் இருக்கிறதா என்று மென்பொருளே தேடிப் பார்க்கும்.

தமிழில் எழுதப்படும் விக்கிக்கு இவற்றோடு வேறு சில விசேஷமான கவலைகளும் உண்டு. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் உணவு விடுதி ஒன்றில் கென் தாம்ப்சன், ராப் பைக் என்ற இருவர் மேசைத் தாளில் வரைந்து வகுத்த யூடிஎஃப்-8 என்ற முறைப்படி, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் ஆகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆக 15 பைட்டு. மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தின் தலைப்பு 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதக்கூடிய இடத்தில், தமிழில் 85 குறிகள்தாம் கொள்ளும். நீண்ட நூற்பெயர்களையும் அரசாணைப் பெயர்களையும் தலைப்பாக வைக்க விரும்புவோர் இதைத் தொடக்கத்திலேயே அறிந்து, சுருக்கமான தலைப்பு மரபு ஒன்றை வகுத்துக்கொள்வது நல்லது.

இதைவிட நுண்ணியது மற்றொன்று. ‘கொடி’ என்ற சொல்லின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், எகரக் குறியையும் காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பைட்டுத் தொடர்கள். இதைக் கவனியாத மென்பொருளில், ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் தோன்றி, ஒருவர் ஒன்றிலும் மற்றவர் மற்றொன்றிலும் எழுதிக்கொண்டிருக்க, தேடுகிறவருக்கு எது அகப்படும் என்பது அவர் விசைப்பலகையைப் பொறுத்ததாகிவிடும். மீடியாவிக்கியோ உள்ளே வரும் எழுத்து முழுவதையும், கூட்டுக் குறி உள்ள இடமெல்லாம் கூட்டுக் குறியாகவே மாற்றி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சேமிக்கிறது. பிஎச்பியோடு இன்டில் என்ற துணைத்தொகுதியையும் மறவாமல் நிறுவவேண்டும் என்று சொல்வது இத்தகைய மொழிப் பணிகளுக்காகவே.

அகரவரிசையும் தானாக அமைந்துவிடாது. யூனிகோடில் எழுத்துகள் அமர்ந்திருக்கும் வரிசை நம் இலக்கண வரிசை அன்று. அங்கே நகரத்தை அடுத்தே னகரம் வருகிறது, ழகரத்துக்குப் பின்னரே வகரம் வருகிறது. அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டால், பக்கங்களை வகைப்படுத்திக் காட்டும் பகுப்புப் பட்டியல்களில் ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னுமாக நிற்கும். ‘பழம்’ வந்த பிறகு ‘பவளம்’ வரும். அகராதி பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது சகிக்கத்தக்கதன்று. பகுப்பு வரிசைக்கான அமைப்பில் தமிழ் வரிசையைக் குறிப்பிட்டு, அதற்கென உள்ள பராமரிப்பு நிரலை ஒருமுறை ஓட்டிவிட்டால், இன்டில் தொகுதியின் துணையோடு பட்டியல்கள் முறையாக அமைந்துவிடும். ஆரம்பத்திலேயே செய்தால் சில நொடி வேலை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பின் செய்தால் நெடுநேரம் காத்திருக்க நேரும்.

இந்த ஆயத்தங்களுக்குப் பிறகு நிறுவும் காரியம் சிறியதுதான். மீடியாவிக்கிக்கென்று ஒரு தரவுத்தளத்தையும், அந்த ஒரு தரவுத்தளத்தைத் தவிர வேறெதையும் தொட அதிகாரமில்லாத ஒரு பயனர் கணக்கையும் மரியாடிபியில் உண்டாக்கவேண்டும். எல்லா அதிகாரமும் படைத்த தலைமைக் கணக்கை விக்கியின் கையில் ஒருபோதும் கொடுக்கலாகாது. மென்பொருளின் மூட்டையை இறக்கி, அவிழ்த்து, அப்பாச்சி பரிமாறும் அடைவில் வைத்துவிட்டு, உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால், நிறுவி நிரல் நம்மை வரவேற்று, சர்வரின் நிலையைத் தானே பரிசோதித்து, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்: மொழி எது, தரவுத்தளத்தின் பெயர் என்ன, விக்கிக்கு என்ன பெயர், நிர்வாகி யார். விடைகளை வாங்கிக்கொண்டு அட்டவணைகளை உண்டாக்கிய பிறகு, லோக்கல்செட்டிங்ஸ் என்ற ஒரு கோப்பை நம் கையில் கொடுக்கும். அதைக் கொண்டுபோய் மென்பொருளின் தலைமை அடைவில் வைத்தவுடன் விக்கி உயிர்பெற்றுவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் தளத்தின் இரகசியச் சாவியும் அந்தக் கோப்பிலேயே இருப்பதால், அப்பாச்சியையும் நிர்வாகியையும் தவிர எவரும் அதைப் படிக்க முடியாதபடி அனுமதிகளைக் கட்டிவைப்பது அவசியம். படங்கள் ஏற்றப்படும் அடைவில் பிஎச்பி நிரல்கள் ஓடாதபடி தடுப்பதும் அவ்வளவு அவசியமே. படம் என்ற பெயரில் நிரலை ஏற்றி சர்வரைக் கைப்பற்றுவது பழைய தந்திரம்.

நிறுவி கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் ஆர அமர விடையளிக்க வேண்டும். எவரும் எழுதலாமா, கணக்குத் தொடங்கியவர் எழுதலாமா, நிர்வாகி அனுமதித்தவர் மட்டும் எழுதலாமா, அல்லது படிப்பதற்கே அனுமதி வேண்டுமா என்று நான்கு வழிகளை அது முன்வைக்கிறது. முழுவதும் திறந்த வாசலே விக்கியின் இலட்சியம் என்பது உண்மை. ஆனால் அந்த இலட்சியத்தைத் தாங்குவதற்குப் பழைய பிரதிகள் இருந்தால் போதாது, அவற்றைப் பார்த்து மீட்கும் கண்களும் வேண்டும். விக்கிப்பீடியாவில் எந்த நேரமும் விழித்திருக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட குழுவின் விக்கியில், இரவு முழுவதும் தானியங்கி நிரல்கள் புகுந்து விளம்பரச் சுட்டிகளைக் கொட்டிவிட்டுப் போனால், காலையில் அவற்றை அள்ளுவதே ஒருவருடைய முழுநேர வேலையாகிவிடும். ஆகையால் படிப்பதற்கு எல்லோருக்கும், எழுதுவதற்குக் கணக்கு உள்ளவர்க்கு என்று தொடங்குவதே விவேகம். கணக்குத் தொடங்கும் இடத்தில், தமிழ் தெரிந்தவருக்குச் சுலபமாகவும் நிரலுக்குக் கடினமாகவும் இருக்கும் கேள்வி ஒன்றைத் தமிழிலேயே கேட்கும்படி அமைக்க, கன்ஃபர்ம்எடிட் என்ற நீட்சியில் வழி இருக்கிறது. குழு வளர்ந்து, கண்காணிப்போர் பெருகியபின் வாசலை அகலத் திறக்கலாம்.

முகவரிக்கு ஒரு பெயரைப் பதிவுசெய்து சர்வரின் எண்ணோடு இணைப்பதும், இடையில் எவரும் ஒட்டுக்கேளாதபடி மறையாக்கச் சான்றிதழ் பெறுவதும் இன்று எளிய காரியங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அறநிலையம் 2015 டிசம்பரில் தன் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள்முதல் சான்றிதழுக்குப் பணம் கொடுக்கவேண்டிய நிலை ஒழிந்தது. வழக்கமாக 90 நாட்களே செல்லும் சான்றிதழ் அது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிரலையும் கூடவே அமைத்துவிட வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் தமக்கு மிகை என்று எண்ணுவோருக்கு வேறொரு நல்ல வழி உண்டு. ஜெர்மனியில் அந்திரேயாஸ் கோர் 2004-இல் உருவாக்கிய டோக்குவிக்கிக்குத் தரவுத்தளமே வேண்டாம். பக்கங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக ஓர் அடைவிலும், பழைய பிரதிகள் சுருக்கப்பட்ட கோப்புகளாக மற்றோர் அடைவிலும் இருக்கும். மென்பொருள் முழுவதும் செயலிழந்துபோனாலும், கோப்புகளை எந்தக் கணினியிலும் திறந்து படித்துவிடலாம். ஒரு பள்ளிக்கோ சிறு அலுவலகத்துக்கோ நான் முதலில் சொல்வது டோக்குவிக்கியைத்தான். வார்ப்புருக்கள், நுட்பமான பகுப்புகள், பல்லாயிரம் பக்கங்கள் என்று விரியக்கூடிய கலைக்களஞ்சியத்தை உத்தேசிப்பவருக்கே மீடியாவிக்கியின் பாரம் தகும்.

எந்த மென்பொருளானாலும் நிறுவிய நாளோடு விட்டுவிட முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவரும்போது அவற்றை ஏற்றவேண்டும். மீடியாவிக்கியில் புதிய வெளியீட்டுக்கு மாறும்போது, தரவுத்தள அட்டவணைகளைப் புதிய அமைப்புக்குக் கொண்டுவரும் நிரலையும் ஓட்டவேண்டும். அதற்கு முன்னர் ஒரு பேக்கப் எடுக்காமல் கை வைக்கவே கூடாது. பேக்கப் என்பது மூன்று பொருள்களின் தொகுதி: தரவுத்தளத்தின் நகல், ஏற்றப்பட்ட படங்களின் அடைவு, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விக்கி முழுமையாக மீளாது. தரவுத்தளத்தை நகலெடுக்கும்போது, எழுத்துகள் மாறிக்கொண்டிருக்கையிலேயே ஒரு கணத்தின் நிலையை உறைய வைத்து எடுக்கும் ஒற்றைப் பரிவர்த்தனை முறையைக் கையாள வேண்டும். எழுத்துத்தொகுதியைப் பொருள்கொள்ள முயலாமல் பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும்படியும் சொல்லவேண்டும். மீடியாவிக்கி தன் எழுத்துகளைத் தரவுத்தளத்தில் வெறும் பைட்டுகளாகவே வைத்திருப்பதால், நகலெடுக்கும் கருவி அவற்றை வேறொரு தொகுதியாக எண்ணிப் பெயர்க்கப் புகுந்தால், மீட்கும் நாளில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே வந்து நிற்கும். பக்கங்களையும் அவற்றின் சரித்திரத்தையும் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதித்தரும் நிரல் ஒன்றும் மீடியாவிக்கியோடு வருகிறது. அதில் பயனர் கணக்குகள் இரா, ஆயினும் எழுத்தைப் பிற்காலத்தில் வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோவதற்கு அது உதவும். நகல்கள் அதே சர்வரில் கிடந்தால் பயனில்லை. சர்வரின் வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறொரு நகரத்தில், வேறொருவர் பொறுப்பில் உள்ள கணினிக்கு அவை நாள்தோறும் தாமாகவே போய்ச் சேரவேண்டும்.

நண்பர்களுக்கு விக்கியின் முகவரியை அனுப்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். மற்றொரு கணினியில் டெபியனையும் மேற்சொன்ன மென்பொருள்களையும் நிறுவி, பேக்கப்பின் அந்த மூன்று பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, மூல சர்வரைத் தொடாமல் விக்கியை மீட்டெழுப்பிப் பாருங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அதன் முதல் திருத்தம் தமிழ் எழுத்துகள் பிசகாமல் வருகிறதா என்று சரிபாருங்கள். அது வந்த பிறகு எழுத்தாளர்களை அழையுங்கள்.